முட்டை வண்டியில் யார் உட்காருவது

வளைந்த ஊசியைத் தடித்த ரெக்சினுக்குள் செலுத்தி, மறுபக்கம் எட்டிப் பார்த்த முனையைக் குறட்டால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஊசியம்மாவின் கை பாதியில் நின்றது.

சிரித்தது அவள் வீட்டுக்காரர். அதில்தான் வயிறு எரிந்தது. அந்த மனிதருக்குச் சிரிப்பு என்றால் பல்வலியோ என்று நினைக்கும்படி உதட்டை ஒரு பக்கம் இழுப்பது, அவ்வளவுதான். இப்போது கேட்டதோ வாய்விட்ட சிரிப்பு, நடுவில் இருமலும் கலந்த சிரிப்பு. அதன் பின்னாலேயே ஒரு பெண்குரல், "அய்யோ, ஃபிட்டர் சார், போதும்!" என்றது.

ஊசியம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கத்தரிக்கோல் மடியிலேயேதான் கிடந்தது.

"அக்கா!" மாடிப்படி வளைவில் அவள் தங்கச்சியின் தலை தெரிந்தது. மேல் வீட்டில் குடியிருப்பவள், சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். "சிரிச்சது மாமாவா? நான் உங்க வீட்டு டிவின்னு நெனச்சேன்."

"டிவியா இருந்தா அணைச்சிருப்பேனே."

"மருந்துக்கடையம்மா வந்திருக்காங்களா?"

"வெள்ளிக்கிழமையாச்சே, வராம இருப்பாளா?"

"அதான பார்த்தேன். காலையில மாமா ஷேவ் பண்ணிட்டிருந்தாரு."

"உனக்கு வேலைக்கு நேரமாகல?"

தலை சிரித்துக்கொண்டே மறைந்தது. கொஞ்ச நேரத்தில் தங்கச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போகிற சத்தமும் கேட்டது. ஊசியம்மா மறுபடியும் ஊசியில் நூலைக் கோத்தாள். ஸ்டெப்னி சக்கரத்துக்கு உறை. பட்டறையில் நிற்கிற வண்டிக்குப் பாக்கி இருந்த ஒரே தையல் வேலை அதுதான்.

ஊசியம்மா என்பது தெரு வைத்த பெயர். தொழிலைப் பார்த்து வைத்தார்கள் என்பது அவள் கட்சி, நாக்கைப் பார்த்து வைத்தார்கள் என்பது தங்கச்சியின் கட்சி. இளவயதில், பஸ்ஸுக்குக் கூடு கட்டும் கொட்டகை ஒன்றில் சீட் தைக்கச் சேர்ந்தாள். பஞ்சை அடைத்து, ரெக்சினை இழுத்துப் பிடித்து, மூலையில் சுருக்கம் விழாமல் ஆணி அடிக்கிற வேலை. தைத்த சீட்டை இரும்புச் சட்டத்தில் பூட்டுகிறவர் ஃபிட்டர். ஒரு நாள் அவள் தைத்த சீட்டை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தாங்கும்" என்றார். வேறு யாருடைய சீட்டையும் பார்த்து அவர் வாய் திறந்ததில்லை. அந்த இரண்டு வார்த்தையை நம்பித்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அபூர்வம்.

அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் உயரத்தில் குள்ளம், இவர் பேச்சில் குள்ளம் என்று விட்டுவிட்டாள். மாமியார் படுத்த படுக்கையானபோது தூக்கியதும் துடைத்ததும் புரட்டிப் போட்டதும் ஊசியம்மாதான். அவர் முகம் சுளிக்காமல் பக்கத்தில் நின்று வாளியைப் பிடித்துக்கொண்டார். மகள் படித்து, வேலைக்குப் போய், இப்போது தன் குடும்பத்தோடு தொலைவில் இருக்கிறாள். எல்லாவற்றிலும் அவருடைய பேச்சு 'ம்' என்பதுதான். சரி, வேண்டாம், பசிக்கிறது, தூக்கம் வருகிறது எல்லாமே அதற்குள் அடக்கம். கேட்டுக் கேட்டு அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது.

அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு மூன்று சக்கரக் காரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

காரா அது? யாரோ ஒரு பெரிய முட்டையை மழையில் போட்டுத் துருப்பிடிக்க விட்டதுபோல் இருந்தது. ஏதோ ஒரு கிடங்கில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, இன்ஜினும் பின்னால். பக்கவாட்டில் கதவே கிடையாது. மூக்குதான் கதவு. ஃப்ரிட்ஜைத் திறப்பதுபோல் மூக்கைப் பிடித்து இழுத்தால் ஸ்டியரிங்கும் கூடவே வெளியே வரும். உள்ளே ஒரே பெஞ்சு, இரண்டு பேர் ஒட்டி உட்காரலாம். மேலே துணிக்கூரை. ரிவர்ஸ் கியர் கிடையாது. பைக் லைசென்ஸ் இருந்தாலே ஓட்டலாம் என்பதற்காக, செய்தவர்களே அதை அடைத்துவிட்டு விற்ற வண்டியாம். பின்னால் போகணும் என்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

"இதை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"ஓட வைக்கணும்."

ஷட்டர் போட்ட முன்னறை அதுவரை அவளுடைய தையல் கடை. அது பட்டறையாகிவிட்டது. அவளுடைய மெஷின் வீட்டு நடைக்கு வந்தது. பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் மெஷினை நகர்த்த வேண்டும், மெஷினை நகர்த்த வேண்டுமென்றால் அவள் எழுந்திருக்க வேண்டும். முணுமுணுத்தாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. துருவைச் சுரண்டி, ஓட்டையில் தகடு வைத்துப் பற்றவைத்து, புட்டி பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து, அவர் அந்த முட்டைக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். துணி வேலை முழுக்க அவள் பார்த்துக்கொண்டாள். பெஞ்சுக்குப் பஞ்சு வைத்தபோது ஓட்டுகிறவர் பக்கத்து இடத்தில் ஒரு விரற்கடை கூடுதலாக வைத்தாள். அவளுடைய இடுப்பு வலிக்கு அது வேண்டும்.

ஆமாம், அவளுடைய இடுப்புக்குத்தான். இரண்டு பேர் உட்காரும் வண்டி. ஒன்று அவர், இன்னொன்று அவள். வண்டி ஓடுகிற முதல் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய சாலை வழியாகப் போக வேண்டும், கொட்டகையில் கூட வேலை பார்த்தவர்கள் நாலு பேராவது பார்க்க வேண்டும். வாய்விட்டு அவள் இதைச் சொன்னதில்லை. இதையெல்லாமா ஒரு பெண்டாட்டி சொல்லிக்கொண்டிருப்பாள்?

அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஷட்டர் வாசலில் ஒருத்தி குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, கால்சட்டை, கனத்த ஷூ. "என் வண்டி இங்க இருக்குன்னு சொன்னாங்க" என்றாள்.

என் வண்டியாம்! நடையில் மெஷின் முன்னால் இருந்த ஊசியம்மாவுக்குக் காது விறைத்துக்கொண்டது.

பெரிய சாலையில் மருந்துக்கடை வைத்திருந்தவள். நடமாட முடியாத நோயாளிகளின் வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்க இந்த முட்டையைத்தான் வருஷக்கணக்காக ஓட்டினாளாம். கடையை மூடிய பிறகு அண்ணன் மகன் அவளைக் கேட்காமலே அதை விற்றுவிட்டானாம். கைப்பையிலிருந்து வட்டமாக ஒன்றை எடுத்து நீட்டினாள். ஸ்டியரிங் நடுவில் இருக்க வேண்டிய ஹாரன் பொத்தான். ஃபிட்டர் கடை கடையாகத் தேடிக் கிடைக்காத பொருள். அதைக் கையில் வாங்கியபோது அவர் முகம் மலர்ந்ததை ஊசியம்மா பார்த்தாள். மகள் பிறந்தபோது நர்ஸ் குழந்தையைக் கையில் கொடுத்தாளே, அன்றைக்குக்கூட இவ்வளவு மலரவில்லை.

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அவள் வந்தாள். அவர் பேசினார். பேசினார் என்றால், வாக்கியம் வாக்கியமாக! முற்றுப்புள்ளி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கி. கிளட்ச் பற்றி, கார்புரேட்டர் பற்றி, எந்தத் திருப்பத்தில் பின்சக்கரம் துள்ளும் என்பது பற்றி. ஊசியம்மா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். இத்தனை வார்த்தைகளை இந்த ஆள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

அவளும் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தாள்.

"கிளட்ச் கேபிள் மாத்திட்டீங்களா?"

"ம்."

"புதுசு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னா?"

"இருக்குன்னா, இருக்கு."

மருந்துக்கடையம்மாவுக்கு ஸ்டூலைத் தன் தோள் துண்டால் துடைத்துப் போட்டார். டீ போட்டார். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும் என்பதையே அவர் அன்றைக்குத்தான் காட்டிக்கொண்டார். ஆனால் ஊற்றும்போது கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். மேஜையெல்லாம் டீ. 'கண்ணு கோப்பையில இருந்தாத்தானே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியம்மா துடைத்தாள். இன்னொரு நாள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். மருந்துக்கடையம்மா வாசலில் வந்து நின்றிருந்த நேரம் அது. 'வயசான காலத்துல தடுமாற்றத்தைப் பாரு' என்று ஊசியம்மா நினைத்துக்கொண்டாள்.

போதாக்குறைக்கு மருந்துக்கடையம்மா இவளைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டாள். "தங்கச்சி, சீட்டு அருமையா தச்சிருக்கீங்க" என்பாள். யாருக்கு யார் தங்கச்சி? பிறந்த வருஷத்தைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கத்தான் பயம், உண்மையிலேயே தான் மூத்தவளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று.

கூரைத் துணி தைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

"கூரையைச் சுருட்டிவிட்டு ஓட்டணும் ஃபிட்டர் சார். காத்து தலையில வந்து மோதும் பாருங்க, அதுக்காகவே இந்த வண்டி."

"முதல் ஓட்டம் நீங்கதான் உட்காரணும் மேடம்," என்றார் அவர். "வேற யாரையும் நான் நெனச்சுக்கூடப் பார்க்கல."

ஊசியம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை.

கூரை முன்பக்கத்தில் இரண்டு பக்கிள் வைத்து, வேண்டும்போது அவிழ்த்துச் சுருட்டுகிற மாதிரி தைக்கச் சொல்லியிருந்தார். பக்கிள்களை அவள் டப்பாவிலேயே விட்டுவிட்டாள். துணியை நாலு பக்கமும் சட்டத்தோடு இழுத்து, இரட்டை நூலால் நெருக்கித் தைத்து, மேலே வரிசையாகப் பித்தளை ஆணி அடித்தாள். காற்று என்ன, கொசுகூட நுழைய முடியாது.

"மழை ஒழுகும். அதான் மூடிட்டேன்" என்றாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அந்த 'ம்' என்னவென்று அவளுக்குப் பிரிபடவில்லை.

"ஏன்க்கா, சுருட்டுற கூரைன்னு சொன்னியே?" என்று தங்கச்சி கேட்டாள்.

"காத்துல அவங்க முடி கலைஞ்சிடும்ல."

"அவங்களுக்குக் கலையற அளவுக்கு முடி ஏதுக்கா?"

"அப்ப விடு."

இந்த வெள்ளிக்கிழமை, ஸ்டெப்னி உறையின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது பட்டறையில் இன்ஜின் உறுமியது. பட்பட்டென்று ஆரம்பித்து, திக்கி, பிறகு சீராக ஓடியது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்பது அதுதான் முதல் தடவை. அவளையும் அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். தன்னைக் கூப்பிடவில்லையே என்பது அடுத்த கணம்தான் உறைத்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

திடீரென்று ஒரு சீறல். பிறகு 'டங்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"இந்தாம்மா!" ஃபிட்டரின் குரல். "இங்க வா!"

போய்ப் பார்த்தாள். கண்கொள்ளாக் காட்சி. இன்ஜின் பக்கம் வெளிச்சம் படட்டும் என்று வண்டியை எப்போதும் மூக்கு உள்ளே பார்க்கத்தான் நிறுத்தி வைத்திருப்பார். அந்த மூக்கு இப்போது எதிர்ச் சுவரில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மருந்துக்கடையம்மா. பக்கத்தில், அந்த ஒரு விரற்கடை கூடுதல் பஞ்சின் மேல், ஃபிட்டர். தோளோடு தோள். ஒரே கூட்டில் அடைத்த இரண்டு கோழிகள்.

பக்கக் கண்ணாடி கையளவுதான் நகரும். அதை நகர்த்திவிட்டு அவர் சொன்னார். "கேபிள் இறுக்கமா இருந்துச்சு."

"ஓரடி நகர்த்திப் பார்க்கலாம்னுதான் தங்கச்சி... கால எடுக்கறதுக்குள்ள பாஞ்சிடுச்சு," என்றாள் அவள்.

"கதவைத் திறந்து வாங்களேன்."

"எங்கேருந்து திறக்கறது? சுவரு" என்றார்.

"பின்னாடி எடுங்க."

கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. மூக்கில் கதவு, பின்னால் போக கியர் இல்லை. இரண்டும் தெரிந்த இரண்டு பேர் வண்டிக்குள் ஏறி, சுவரைப் பார்க்க ஓட்டியிருக்கிறார்கள்.

பின்னால் போய் பம்பரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. சுவர் ஓரமாகத் தண்ணீர் போகும் கால்வாயில் முன்சக்கரம் இரண்டும் இறங்கி உட்கார்ந்துவிட்டிருந்தன. கால்வாய் மேல் இருந்த இரும்புச் சல்லடையை, பெயின்ட் அடித்த சாமான்களைக் காயவைக்க ஃபிட்டரேதான் எடுத்திருந்தார்.

"உன் தங்கச்சியைக் கூப்பிடு."

"கடைக்குப் போயிட்டா. அவ வீட்டுக்காரர் வர சாயங்காலம் ஆகும்."

"அப்ப கூரையைத் திற."

அவர் உள்ளே இருந்தபடி கையை உயர்த்தி, தையல் ஓடும் வழியாக விரலை ஓட்டிப் பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார். தையலைப் படிக்கத் தெரிந்த மனிதர்.

"இது மழைக்குத் தச்சது இல்ல," என்றார்.

"இல்ல."

"பின்ன?"

"இவங்க தலையில காத்து மோதக் கூடாதுன்னு தச்சது."

மருந்துக்கடையம்மா இவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தாள். "தங்கச்சி," என்றாள் மெல்ல, "நான் காலையில நீர் மாத்திரை போட்டிருக்கேன். எனக்கு ரொம்ப நேரம் தாங்காது. கத்தரிக்கோல் கொண்டு வாங்க."

நீர் மாத்திரை என்றால் என்னவென்று ஊசியம்மாவுக்குத் தெரியாதா? மாமியாருக்கு அரைமணிக்கு ஒரு தடவை பாத்திரம் வைத்த கை அது. போய்க் கத்தரிக்கோலும் ஏணியும் கொண்டுவந்தாள். ஏணியை வண்டி ஓரம் போட்டாள். ஆனால் ஏறவில்லை. கண்ணாடி இடுக்குப் பக்கம் குனிந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. பதில் வந்ததும் வெட்டறேன். இவங்ககிட்ட இவ்வளவு பேசறீங்களே, என்கிட்ட ஏன் பேசறதில்ல?"

"இப்பவா கேக்கற?"

"இப்பத்தான் உங்களால எழுந்து போக முடியாது."

ஃபிட்டர் தாடையைத் தடவினார். மழித்த தாடை.

"சொல்லிடுங்க சார்," என்றாள் மருந்துக்கடையம்மா. "சீக்கிரம் சொல்லுங்க, என் நிலைமை அப்படி."

"எனக்கு இடது பக்கம் தெரியல," என்றார் அவர்.

"என்ன தெரியல?"

"கண்ணு. நேரா பார்த்தா தெரியுது. ஓரத்துல இருக்கறது தெரியல. கொஞ்ச நாளா."

கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிய டீயும், நிலையில் இடித்த தோளும் ஊசியம்மாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மாமியாரின் முதுகில் தோல் சிவந்த அன்றைக்கே புண் வரப்போகிறது என்று கண்டுபிடித்தவள். இதைத் தவறவிட்டிருக்கிறாள். அவர் கண்ணைப் பார்க்க வேண்டிய நேரத்திலெல்லாம் அந்தக் கண் யாரைப் பார்க்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இது இவங்களுக்குத் தெரியுமா?"

"முதல்ல அவங்ககிட்டதான் சொன்னேன். மருந்து தெரிஞ்சவங்க."

"நான் மூணு தடவை டாக்டர்கிட்டப் போகச் சொல்லிட்டேன் தங்கச்சி. வண்டி ஓடின பிறகு போறேன்னு பிடிவாதம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" ஊசியம்மாவின் குரல் ஏறியது. கண் போகிற பயம் ஒரு பக்கம்; ஆனால் நெஞ்சில் அதைவிடச் சுரீரென்று தைத்தது, முதல்ல அவங்ககிட்டதான் என்ற அந்த வார்த்தை.

"உன்கிட்ட சொன்னா என்ன சொல்லியிருப்ப?"

"வண்டியை வித்துட்டு ஆஸ்பத்திரிக்கு நடங்கன்னு சொல்லியிருப்பேன்."

"அதான்," என்றார் ஃபிட்டர்.

ஊசியம்மா விடவில்லை. "அப்ப முதல் ஓட்டத்துக்கு இவங்கதான்னு சொன்னது?"

"ஓட்டறதுக்கு. என்னால முடியாதே. வேற யாருக்கு இந்த கிளட்ச் பழக்கம்?"

"சரி. பக்கத்துல யாரு?"

அவர் முழித்தார். "நான்தான்," என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

ஊசியம்மா ஏணியில் ஏறினாள். கத்தரிக்கோலின் முனையைத் தன் தையல் மேல் வைத்தாள். ஒருத்தியை நினைத்து இத்தனை நாள் வெந்தது போக, இப்போது இருக்கைக்குப் போட்டி புருஷனே என்று ஆகிவிட்டது. அவர் மனதில் இரண்டு இடத்துக்கும் ஆள் இருந்தது. வண்டி ஓட்ட மருந்துக்கடையம்மா, வேடிக்கை பார்க்க அவர். கூடுதல் பஞ்சு வைத்தவளுக்கு வாசலில் நின்று கையசைக்கிற வேலை. இரட்டை நூலை வெட்டுவது கஷ்டமாகத்தான் இருந்தது. நல்ல தையல். அவளே போட்டதாயிற்றே.

மூன்று பக்கம் வெட்டித் துணியைப் பின்னால் மடித்தாள்.

"பெஞ்சு மேல ஏறி நில்லுங்க. முழங்கால் மடங்குமா? மெதுவா. கையை என் கழுத்துல போடாதீங்க, என் முதுகு போயிடும். நான் கக்கத்துல பிடிக்கறேன். ஏங்க, அவங்க காலைப் பிடிச்சுத் தூக்கிவிடுங்க. வெக்கம் என்ன வெக்கம், பிடிங்க!"

கீழேயிருந்து ஃபிட்டர் தள்ள, மேலேயிருந்து ஊசியம்மா இழுக்க, மருந்துக்கடையம்மா முட்டையிலிருந்து குஞ்சு வருகிற மாதிரி வெளியே வந்தாள். ஏணியில் இறங்கியதும் நிற்கவில்லை. "இடது பக்கம் ரெண்டாவது கதவு!" என்று ஊசியம்மா கத்தினாள்.

"எனக்குக் கை கொடு," என்றார் உள்ளே இருந்தவர்.

"நீங்க கொஞ்ச நேரம் அங்கேயே இருங்க. பக்கத்து சீட்டுல உட்காரணும்னு ஆசைப்பட்டீங்கல்ல."

திரும்பி வந்த மருந்துக்கடையம்மாவுக்கு ஊசியம்மா டீ போட்டுக் கொடுத்தாள். சமையலறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நான் அவருக்காக வரேன்னு நெனச்சீங்களா?" என்றாள் அவள். "நல்லா இருக்கு! நான் வண்டிக்காக வரேன். எனக்கு உங்க மேலதான் எரிச்சல், தெரியுமா? என் வண்டி உங்க வீட்டுல நிக்குது. ஒவ்வொரு தடவையும் வாசல்ல பெல் அடிச்சு, அனுமதி வாங்கி, என் வண்டியையே எட்டிப் பார்த்துட்டுப் போறேன். அந்தப் பச்சை நிறம் வேற. மாவரைக்கிற மெஷின் மாதிரி."

"பச்சையைப் பத்தி நானும் சொன்னேன்," என்றாள் ஊசியம்மா, தன்னை மறந்து. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள். "என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. நீங்க எந்த வருஷம்?"

சொன்னாள். ஊசியம்மா மூன்று வருஷம் மூத்தவள்.

"சரி, கூப்பிடுங்க," என்றாள்.

டீ முடிந்த பிறகுதான் போய் ஃபிட்டரை வெளியே எடுத்தாள். இறங்கியவரை வெளிச்சத்தைப் பார்க்க உட்காரவைத்து, வலது கண்ணைக் கையால் மூடச் சொல்லி, தன் விரலை ஓரத்திலிருந்து கொண்டுவந்து எங்கே தெரிகிறது என்று கேட்டாள். ரொம்ப உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. போனை எடுத்துக் கண் ஆஸ்பத்திரியில் விசாரித்தாள். காலையில் சீக்கிரம் வந்து டோக்கன் வாங்க வேண்டும் என்றார்கள். மருந்துக்கடையம்மா, "நான் ஓட்டிட்டு வரேன், சாரை முட்டையிலேயே கூட்டிட்டுப் போயிடலாம். வண்டிக் காகிதமெல்லாம்தான் வந்தாச்சே" என்றாள். ஃபிட்டரின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இந்தச் சிரிப்பு ஊசியம்மாவுக்குப் பழக்கமானதுதான்.

மறுநாள் காலை, தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் வந்து பலகை கொடுத்து, எல்லோருமாகச் சேர்ந்து முட்டையைக் கால்வாயிலிருந்து தூக்கி, பின்னால் தள்ளி, தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்கள். ஃபிட்டர் கேபிளைத் தளர்த்தினார். நல்ல சட்டை போட்டிருந்தார். மருந்துக்கடையம்மா மூக்கைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். ஃபிட்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், ஊசியம்மா கைப்பையோடு மறுபக்கம் ஏறி, இடுப்பைப் பஞ்சில் பொருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எங்க?" என்றார் ஃபிட்டர்.

"டோக்கன் வாங்கணும்ல. நாங்க முன்னாடி போய் வரிசையில நிக்கறோம். நீங்க தங்கச்சியோட பஸ்ல வாங்க. நிலையில இடிச்சுக்காம ஏறுங்க. ஏய், மாமாவோட இடது பக்கமா நட, அந்தப் பக்கம்தான் அவருக்குத் தெரியாது."

"ஆகட்டும்க்கா," என்றாள் தங்கச்சி, சிரிப்பை அடக்க முடியாமல்.

"ஆஸ்பத்திரி எனக்குத்தானே?" என்றார் ஃபிட்டர்.

"உங்களுக்குத்தான். அதனாலதான் போறோம். மூக்கைச் சாத்துங்க."

அவர் சாத்தினார். வண்டி துள்ளாமல் கிளம்பியது. தெருமுனையில் ஒரு வண்டிக்கு வழிவிட வேண்டியிருந்தது, பெரிய சாலையின் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அதற்குள் தங்கச்சியும் ஃபிட்டரும் குறுக்குச் சந்து வழியாக நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். வெட்டிய கூரை வழியாகக் காற்று வந்து ஊசியம்மாவின் தலையில் மோதியது; மருந்துக்கடையம்மா சொன்னதில் பொய்யில்லை. நிறுத்தத்தில் நின்றவர்களெல்லாம் முட்டையைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினார்கள். ஃபிட்டர் மட்டும் கை காட்டவில்லை. கொட்டகையில் வேறு யாரோ அவருடைய கருவியை எடுத்துவிட்டால் ஒரு முகம் வைத்துக்கொள்வார், அந்த முகத்தோடு, தெரிகிற பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேகத்தைக் குறைக்கட்டுமா தங்கச்சி?" என்று மருந்துக்கடையம்மா கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள் ஊசியம்மா. "டோக்கன் தீர்ந்துடும்."